மந்தாரக்குப்பத்து ஆணிகள்

கடலூரில் பஸ் ஏறியவன் வடலூர் வருவதற்குள் தூங்கிவிட்டேன். "சார், மந்தாரக்குப்பம்! இப்படியே தூங்கிகினு இருந்தா விருத்தாசலத்துலதான் எறங்கணும்" என்று கண்டக்டர் தோளைத் தட்டினார். இறங்கிய பிறகும் பாதிக் கனவில்தான் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி, பங்குனி வெயில். பழுப்பு நிலக்கரித் தூள் காற்றில் மிதந்து தெருவே டீ நிறத்தில் தெரிந்தது.

என் சித்தப்பா மகன் ஆரோக்கியம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. முதல் ஷிப்ட் முடிந்து, சைக்கிளோடு எனக்காக நின்றிருந்தான். "வூட்டுக்கு அப்புறம் போலாம்ணே. ஜெயராஜ் கடை நாளையிலேர்ந்து கெடையாது" என்றான்.

ஒயின்ஷாப்புக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பார். கூரை ஓட்டைகள் வழியே வெயில் வட்ட வட்டமாக மேசைகளில் விழுந்து, யாருக்கும் தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்தது. சுண்டல் இரண்டு ரூபாய், ஆம்லெட் நாலு ரூபாய். சுவர் முழுக்க ஆணிகள். பெரும்பாலான ஆணிகளில் மஞ்சள் ஹெல்மெட்டுகள். காலியாயிருந்த ஓர் ஆணியில் நான் பாட்டுக்கு என் ஜோல்னாப் பையை மாட்டினேன். பேச்சு சட்டென்று நின்றது.

கடைக்காரர் ஜெயராஜ் வந்து பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அது கலியமூர்த்தி ஆணிங்க. இந்த வாரம் அவருக்கு ரெண்டாவது ஷிப்டு. வரலைன்னாலும் அது அவருதுங்க."

ஆளுக்கொரு ஆணி என்பது அங்கே எழுதாத சட்டமாம். திருதிருவென்று விழித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கடை வாடகை எண்ணூறாக இருந்தது. ரிட்டயர் ஆகி கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடும் கடையும் தேட, இடத்துக்கு ஏகக் கிராக்கி. தவணையில் டிவி விற்கிற ஒருவர் கட்டடச் சொந்தக்காரரிடம் மூவாயிரம் தருவதாகச் சொல்லிவிட்டார்.

"சேத்தியாத்தோப்புல ஒரு எடம் பாத்திருக்கேங்க" என்றார் ஜெயராஜ். "வாடகை கட்டுப்படியாவுது. ஆனா இவங்கள்ல யாரு ஷிப்டு முடிச்சி பஸ் ஏறி வருவாங்க? இவங்க இல்லாம எனக்கு ஏதுங்க பொழப்பு?"

"இங்கேயே ஏசி பார் ஒன்று இருக்கிறதே?" என்று ஆரோக்கியத்திடம் கேட்டேன்.

"அங்க உக்காந்து எழுந்தா ஒரு நாள் கூலி காலிண்ணே. நாங்கள்லாம் பர்மனென்ட்டா?" என்று சிரித்தான்.

மறுநாள் மதியம் ஊர் திரும்பக் கிளம்பினேன். போகிற வழியில் பார்த்தால், ஜெயராஜ் கடைக்குள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற டெம்போவில், பெஞ்சுகளுக்கு நடுவே ஜெயராஜ். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடிந்த சைக்கிள்கள் வந்து சேர்ந்தன. பேசிக்கொண்டே உள்ளே போனவர்கள் அவரவர் ஆணியில் ஹெல்மெட்டை மாட்டினார்கள், ஆரோக்கியம் உட்பட. மாட்டிவிட்டு உட்காரத் திரும்பினால் பெஞ்ச் இல்லை. கடை மூடுவது எல்லோருக்கும் தெரியும். காலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

"அண்ணே, சுவரு ஈரம்ணே!" என்று பெயின்டர் கத்தினார்.

ஒருவரும் ஹெல்மெட்டை எடுக்கவில்லை. டெம்போவிலிருந்து பார்த்த ஜெயராஜ் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. சென்னையில் எங்கள் தெருமுனையிலும் இதேபோல மலிவான பார் ஒன்று இருந்தது. வாடகை ஏறியதும் செருப்புக்கடை ஆகிவிட்டது. வருஷக்கணக்கில் அங்கே உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட, மறுநாள் தவறிப்போயும் அதற்குள் நுழையவில்லை.