அக்காவுக்கு ஒரு வால் நட்சத்திரம்

தொண்ணூற்றேழாம் வருடக் கோடை. கோயம்புத்தூரில் போத்தனூர் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் அக்காவும் இருந்தோம். அந்த வருடம் மேற்கே ஒரு வால் நட்சத்திரம் வந்திருந்தது. இருட்டியதும் வெறும் கண்ணுக்கே தெரியும். தெருவே மொட்டை மாடியில் நின்று பார்த்தது, என் அக்காவைத் தவிர.

அவளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்று மாதம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், தலையைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன வயதில் எனக்கு நட்சத்திரங்களைப் பேர் சொல்லிக் காட்டியவள் அவள்தான். தினமும் நான் மாடியிலிருந்து இறங்கி வந்ததும், "இன்னைக்கு எப்பிடி இருந்துச்சு கண்ணு?" என்று கேட்பாள். நான் கையை விரித்து வாலின் நீளத்தைக் காட்டுவேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஏக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. போனால் நம் ஆயுளில் திரும்பி வராத ஒன்று அது. எப்படியாவது படம் பிடித்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு யார் சொன்னாலும் காதில் ஏறாது.

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கே ஒருவரிடம் நல்ல கேமரா இரவல் கிடைத்தது. ஆனால் வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால், கேமராவைச் சில நிமிடம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடு கோடாக விழும். வானத்தோடு சேர்ந்து கேமராவும் திரும்ப ஒரு தாங்கி வேண்டும். நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் வழி இருந்தது. இரண்டு பலகைகளை ஒரு கீலால் இணைத்து, கீலைத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வைத்து, நடுவில் ஒரு திருகாணியை மெல்லத் திருகிக்கொண்டே இருந்தால் போதும், மேல்பலகை கேமராவோடு வானத்தின் வேகத்துக்குத் திரும்பும்.

மரத்தில் செய்வதா, இரும்பிலா என்றுதான் குழப்பம். வார்ப்பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் வார்ப்பிரும்பில்தான் பதில் வரும். லேத் பட்டறைக்காரர் நான் வரைந்து கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு, "மரமெல்லாம் ஆடிப்போடுமுங்க அம்மணி. வார்ப்புல பண்ணிப்போடலாம், சூறாவளியே வந்தாலும் அசையாதுங்க" என்றார். அசையாது என்ற ஒரு சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன். மோட்டார் பம்ப்புக்குப் பீடம் செய்கிற மாதிரியே செய்து கொடுத்தார்.

நகர வெளிச்சத்தில் படம் சரிவராது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோழியின் தோட்டம் இருந்தது. சனிக்கிழமை இரும்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கிய இடத்திலிருந்து தோட்டத்துக்கு ஒரு மைல் மண் பாதை. பத்தடிக்கு ஒரு தரம் சாக்கைக் கீழே வைத்தேன். சூரியன் இறங்கிவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வயல் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். "ஏனுங்கக்கா, உள்ளே அம்மிக்கல்லுங்களா?" என்றாள். ஒரு கம்பைச் சாக்கில் கோத்து, ஒரு முனையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இருவரும் தோட்டத்தை அடைந்தபோது வால் நட்சத்திரம் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

எதற்கு இந்தக் கனம் என்று கேட்டாள். ஆடாமல் இருக்க என்றேன். அவள் சிரித்தாள்.

"சேத்துவயலைச் சமமாக்கப் பரம்படிக்கிற பலகையை நாங்க கனமாவா செய்யறோம்? வயல்ல போட்டுட்டு ஆளு மேல ஏறி நின்னுக்குவோம். தூக்கிட்டுப் போறது லேசாத்தானுங்க இருக்கோணும். கனம் போற எடத்துல கெடைக்கும்."

இயற்பியல் ஆய்வகத்தில் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தோன்றவில்லை! வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் லேசான இரண்டு மரப்பலகைகளோடு போனேன். பலகைகளைப் பொருத்திய கேமரா முக்காலிக்கு அடியில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன். அதில் அந்தப் பெண்ணே மண் அள்ளிப் போட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் திருகாணியைத் திருகினேன். கேமரா அசையவே இல்லை.

ஸ்டூடியோவில் கழுவிப் பிரிண்ட் போட்டு வாங்கப் பல நாள் ஆனது. படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது, வால் தனித்தனியாக இரண்டாகப் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. வீட்டுக்கு ஓடிவந்து அக்காவின் முகத்துக்கு மேலே பிடித்தேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துப் படத்தைக் கொஞ்சம் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம்.

"இதுல தலைமாட்டு ஜன்னல் தெரியுது கண்ணு" என்றாள். "வெளியில வானங்கூடத் தெரியுது."

பளபளவென்ற அந்தத் தாளில், அவள் திரும்பிப் பார்க்க முடியாத மேற்கு ஜன்னல் மங்கலாக விழுந்திருந்தது. "இப்பிடி ஒரு கண்ணாடியப் புடிச்சிருந்தா நானே பாத்திருப்பனாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று இருட்டும்போது கண்ணாடியை அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்தது, மாற்றிப் பிடித்தேன். எதிர்வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே சின்னச் சின்ன நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா அவற்றின் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வால் நட்சத்திரம் வரவில்லை. அது சூரியனோடு சேர்ந்தே இறங்கி, இருட்டும் முன்பே மறைந்துபோகும் நாளாகிவிட்டிருந்தது.

அக்கா பிறகு எழுந்து நன்றாக நடமாடினாள். படம் இன்றும் அவள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது, வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவாள். எனக்கு அதை நேராகப் பார்க்க முடிவதில்லை. அத்தனை வாரமும் வானத்துக்குப் பின்னால் ஓடித் திரிந்த நான், ஒரே ஒரு நிமிடம் அக்கா பக்கத்தில் மல்லாந்து படுத்து, அங்கிருந்து என்ன தெரியும் என்று பார்த்திருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது.