டொக்டரம்மாவின் துண்டோடு கண்டிக்குப் போனது

அப்பாவின் கண்ணில் வெள்ளையே தெரியவில்லை. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தார், இரண்டு கண்ணும் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருந்தன. போன ஒக்டோபர், மழை விடாத வாரம், செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாகக் காய்ச்சல். அதற்கு முந்திய வாரம் முழுக்க மலையில் மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டினார், முழங்கால் அளவு அழுக்குத் தண்ணீரில், வெறுங்காலோடு. தோட்டத்து ஆபீசில் பூட்ஸ் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

கண்டிக்கு மேலே இருக்கிற ஹந்தானைக்கு ஏறி வருகிறவர்களுக்காக நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பனி, மலை, செல்ஃபி எல்லாம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற வழியை யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

காலை 6.30க்குத் தோட்டத்து மருந்துக் காம்பரா. அதைப் பார்ப்பவரை எல்லோரும் டொக்டரம்மா என்போம். படிப்பின்படி அவர் டொக்டர் இல்லை, மருத்துவ உதவியாளர். பதினோரு வருடமாகக் காயம் தைப்பதும், பிரசவம் பார்ப்பதும், யாரை உடனே டவுனுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் அவர்தான். சனிக்கிழமைகளில் கெலிஓயாவில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராக்களில் வேலை செய்கிற பெண்களுக்கு வகுப்பும் எடுக்கிறார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட நானும் அங்கே கடைசி வாங்கில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

அவர் அப்பாவின் கெண்டைக்காலைத் தொட்டார்.

"ஐயோ, விடுங்கம்மா!"

"ஏன்ணே கத்துறீங்க, நான் இன்னும் அமுக்கவே இல்லயே. ஒண்ணுக்கு என்ன நெறத்துல போகுது?"

அப்பா என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். "கறுப்பா, பிளேன்டீ மாதிரிங்க."

"எலிக்காய்ச்சலாத்தான் இருக்கணும். இன்னைக்கே ஆஸ்பத்திரி வாட்டுல போடணும். விட்டா கிட்னி போயிரும்." முதல் குளிசையை அங்கேயே விழுங்க வைத்து, இங்கிலீஷில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி என் கையில் தந்தார்.

தோட்டத்து வண்டி கிடைக்கவில்லை. அது தோட்ட மேனேஜர் துரையின் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். ஆட்டோ பிடித்தோம்: ஆறு கிலோமீட்டர், 800 ரூபா, இருபத்தைந்து நிமிடம். குழியில் விழுந்து எழும்போதெல்லாம் அப்பா முனகினார். "மொதல்ல இந்த ரோட்ட வாட்டுல போடணும் தங்கச்சி," என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். எங்கள் நம்பர் 84. கூப்பிடும்போது 10.40.

உள்ளே இளவயது டொக்டர். யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு. "என்ன வருத்தம்?"

துண்டை நீட்டினேன். "எங்க டொக்டரம்மா குடுத்தாங்க."

அவர் துண்டில் கையெழுத்துக்குக் கீழே இருந்த பதவியை மட்டும் பார்த்தார். "இவ டொக்டரோ? ஆர் சொன்னது?" பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸியைப் பார்த்துச் சிரித்தார். "தோட்டத்தில மருந்து குடுக்கிற எல்லாரும் டொக்டர்தான்." மேலே எழுதியிருந்ததை வாசிக்காமலே துண்டைத் தட்டில் போட்டார். "வைரஸ் காய்ச்சல். பனடோல் தாறன். மூண்டு நாளில குறையாட்டி வாங்கோ."

தமிழில்தான் பேசினார். விளங்கவில்லை என்று அவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. கண், கால், சிறுநீர், கான் தண்ணீர், எல்லாம் எலிக்காய்ச்சலுக்கு அடையாளம் என்று வகுப்பில் என் கையால் எழுதியவை. நான் சொன்னது "சரிங்க ஐயா." அதை நினைத்தால் அவர் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல்தான் கூட வருகிறது.

வெளியே அப்பா சுவரோரம் படுத்துவிட்டார். டொக்டரம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"நான் டொக்டர் இல்லங்கிறது சரிதான்டி. அதுக்காக ஒங்கப்பாவுக்கு வியாதி மாறிருமா? கான் வேலைன்னு சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

நான் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"இங்க ஒருத்திக்குப் பிரசவ வலி வந்திருச்சு, என்னால நகர முடியாது. நீதான் பேசணும்." வைத்துவிட்டார்.

இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிந்தால் துண்டை முந்தின நாளே வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு முன்பே கிளம்புங்கள், நம்பர் முப்பதுக்குள் கிடைக்கும். துண்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள். எந்தத் தண்ணீரில் எத்தனை நாள் நின்றார் என்பதை முதலில் சொல்லுங்கள், காய்ச்சலை அப்புறம் சொல்லலாம். 'டொக்டரம்மா' என்று சொல்லாதீர்கள் என்றும் எழுத நினைத்தேன். அப்படிச் செய்தால் வேலை சுலபம். ஆனால் எழுத மனம் வரவில்லை. துண்டை வாசிக்காதவர் ஆஸ்பத்திரி டொக்டர், நாம் ஏன் பேச்சை மாற்ற வேண்டும்? அப்பா எட்டு நாள் வாட்டில் இருந்தார். இப்போது வேலைக்குப் போகிறார், இன்னும் வெறுங்காலோடு.

அன்று 11.20க்கு அப்பாவை எழுப்பிக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வரிசையைத் தாண்டி உள்ளே போனேன். "ஏய் புள்ள, லைனுக்கு வா!" என்று பின்னால் கத்தினார்கள். அப்பாவைக் கதிரையில் உட்கார வைத்தேன். தட்டிலிருந்த துண்டை எடுத்து, டொக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் வைத்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"வாசிங்க," என்றேன்.