கோயமுத்தூரில் ஓடிய பனி லாரி

அமெரிக்காவில் நான் ஜெயித்த முதல் சண்டை ஒரு லாரியோடு போட்டது. எடிசனில் எங்கள் வீட்டு வாசலில், நாலு நாள் நடந்த சண்டை. எதிராளி டவுன்ஷிப் என்கிற ஊராட்சியின் பனி தள்ளும் லாரி. இன்றைக்கும் யாராவது பனியைப் பற்றிப் பேச்சை எடுத்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். என் வீட்டுக்காரர் அப்போது மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், பொங்கல் முடிந்த வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த பனி விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டே இருந்தது. பனி விழுவதில் எனக்கு வருத்தமில்லை, அது இயற்கை. அந்த லாரி செய்ததுதான் அநியாயம். நாங்கள் இரண்டு பேரும் இடுப்பொடியப் பனியை அள்ளி, வீட்டிலிருந்து தெருவுக்குக் கார் இறங்கும் டிரைவ்வேயைத் திறந்து வைப்போம். காலை ஆறரை மணிக்கு அது தடதடவென்று வரும். முன்னால் மாட்டிய இரும்புத் தகட்டால் தெருப் பனியை எல்லாம் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும். எங்கள் வாசலுக்கு நேராக இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழும்பிவிடும். தெருவில் கிடந்த பனி என்பதால் அது இறுகிக் கல்லாகக் கிடக்கும், உடைத்து முடிக்க அரை நாள் ஆகும். கார் உள்ளே, நாங்கள் உள்ளே.

எங்கள் ஊரில் ஒருத்தர் வாசலில் இன்னொருத்தர் குப்பையைத் தள்ளினால் அன்றைக்கே ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவார்கள். நான் கோயமுத்தூர்க்காரி. திங்கட்கிழமை சுவரைப் பார்த்ததும் சேலைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நாலு வீடு வரைக்கும் ஓடினேன். "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லீங்களா? மனுசங்க குடியிருக்கற வீடுங்க இது!" என்று கத்தினேன். கோபத்திலும் 'ங்க' போடுவது எங்கள் ஊர் வழக்கம். ஓட்டுநருக்குக் காது கேட்கவில்லை.

சாதாரண வாரமாக இருந்தால் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு நூவர்க் நகரத்துக் குடியேற்ற அலுவலகத்தில் எங்களுக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ. நாலு வருடம் காத்திருந்து வந்த தேதி. தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என வக்கீல் கையை விரித்துவிட்டார். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் நான் கணக்கு வாத்தியார். இங்கே என் பாஸ்போர்ட்டில் இருந்த விசாவுக்கு ஒரே அர்த்தம்தான், டிபெண்டன்ட், கணவரை அண்டி வந்தவள். வங்கியில் கேட்டாலும் அதுதான், ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பினாலும் அதுதான். அந்த வார்த்தையை எழுதி எழுதி எனக்கு வெறுத்துவிட்டது. வியாழக்கிழமை அது தொலைய வேண்டும். அதற்கு முதலில் கார் வெளியே வரவேண்டும். தெருவில் நிறுத்தி வைக்கலாம் என்றால் பனி நாளில் அதற்கு அனுமதி இல்லை, இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

செவ்வாய்க்கிழமையும் சுவர் எழும்பியது. டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பன்னிரண்டாவது தடவைதான் ஒரு பெண் எடுத்தாள். எங்கள் தெருவின் பெயரைச் சொன்னதுமே, "உங்கள் தெருவிலிருந்து நீங்கள் ஒன்பதாவது ஆள், மேடம்" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அன்று மாலை டவுன்ஷிப் கூட்டம் இருக்கிறது, வந்து பேசுங்கள் என்றாள்.

போனோம். நடந்துதான் போனோம், கார்தான் வரவில்லையே. அந்த மண்டபத்தில் அவ்வளவு கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு இத்தாலியக் கிழவர் பனி அள்ளும் ஷவலையே கையோடு கொண்டுவந்திருந்தார். தன் தபால் பெட்டியை லாரி சாய்த்துவிட்டது என்று ஒருவர் கத்தினார். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று ஓர் அம்மாள் சத்தியம் செய்தாள். ஓக் ட்ரீ ரோட்டில் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர், கடை வாசலை மூடிவிட்டால் நான் எப்படி வியாபாரம் செய்வது என்று கேட்டுக் கைத்தட்டு வாங்கினார். சொந்த பந்தம் இல்லாத ஊரில் இத்தனை பேர் என் கோபத்தையே பேசக் கேட்டது சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் லாரிகளுக்குப் பொறுப்பான அதிகாரி எழுந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தூங்கி மூன்று நாள் ஆன முகம். ஒவ்வொரு வீட்டுக்கும் தகட்டைத் தூக்கிக்கொண்டிருந்தால் ஊரை முடிக்க முடியாது, அதனால் ஒரு வழி சொல்கிறேன் என்றார். லாரி எந்தப் பக்கமிருந்து வருமோ, அந்தப் பக்கம், டிரைவ்வேக்கு முன்னாலேயே தெரு ஓரத்தில் ஒரு காரளவு பனியை அள்ளிக் குழி மாதிரி காலி செய்து வையுங்கள். தகட்டில் இருக்கும் பனி அங்கேயே விழுந்துவிடும், வாசலுக்கு வரும்போது தகடு காலியாக இருக்கும். அள்ளிய பனியை மறுபக்கம் போடுங்கள். இவ்வளவுதான் சொன்னார். கூட்டம் 'ஊ' என்று கத்தியது. எங்களையே வேலை வாங்கப் பார்க்கிறாயா என்று இத்தாலியக் கிழவர் ஷவலைத் தரையில் தட்டினார்.

என் வீட்டுக்காரர் மட்டும் கத்தவில்லை. அவர் சிவில் இன்ஜினியர். வீட்டுக்கு வந்ததும் கிராஃப் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்துப் படம் போட்டார். வீடு, டிரைவ்வே, தெரு, லாரி, அம்புக்குறி, குழி.

"இங்க பாரு கண்ணு, இது சிம்பிள் ஃப்ளோ பிராப்ளம். நாளைக்கு அந்த லாரிக்காரன் ஏமாந்து போவான்."

புதன்கிழமை ஐந்து மணிக்கே எழுந்து, படத்தில் இருந்தபடி தெருவைப் பார்த்து நின்று வலப்பக்கம் குழி வெட்டினார். அள்ளியதை எல்லாம் இடப்பக்கம் குவித்தார். ஆள் உயரத்துக்கு அழகான குவியல். ஆறரைக்கு லாரி வந்தது. முதலில் அந்தக் குவியலைத்தான் தொட்டது. அதை முழுசாக வாரிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கியது. அப்புறம் வெறும் தகட்டோடு போய் அவர் வெட்டிய குழியைத் தாண்டியது. குழி துடைத்து வைத்ததுபோல் அப்படியே இருந்தது.

"படத்துல எல்லாம் கரெக்டாதான இருக்குது?" என்று அவர் ஷவலோடு நின்றார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றைக்கு அவர் நடந்து போய், நண்பர் ஒருவர் காரில் ஏறி ஆபீஸ் போனார்.

நான் தேநீரோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். கணக்கு வாத்தியாருக்குப் படத்தில் தப்பு கண்டுபிடிப்பதுதானே பிழைப்பு. அளவு சரி, கோணம் சரி. லாரியின் அம்புக்குறியைப் பார்த்தேன். வலமிருந்து இடமாகப் போயிற்று. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். எங்கள் வீட்டோரமாகப் போன தபால் வண்டி இடமிருந்து வலமாகப் போயிற்று. எனக்குக் கை கால் எல்லாம் துள்ளியது. இவர் வரைந்த லாரி சாலையின் இடப்பக்கம் ஓடுகிறது! பதினைந்து வருடம் காந்திபுரத்திலும் உக்கடத்திலும் ஸ்கூட்டர் ஓட்டிய மனிதர். அமெரிக்காவில் வலப்பக்கம் ஒழுங்காகத்தான் கார் ஓட்டுவார். ஆனால் கையில் பென்சிலைக் கொடுத்தால் லாரி கோயமுத்தூருக்குப் போய்விடுகிறது. நான் வண்டி ஓட்டக் கற்றதே எடிசனில்தான், லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம். எனக்கு மறப்பதற்கு வேறு பக்கம் எதுவும் இல்லை.

உடனே ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, உங்க லாரி காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டிருக்குதுங்க."

"என்ன சொல்ற?"

"படத்துல டிராஃபிக் நம்மூரு டிராஃபிக்குங்க. குழி அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றார்.

"சொல்லலீங்க. ஆனா இனிமேல் இந்த ஊருல பக்கம்னு வந்தா, உங்களுக்கு எது தோணுதோ அதை மாத்திப் பண்ணுங்க. அதான் சரியா இருக்கும்."

பதினோரு மணிக்கு ஷவலோடு இறங்கினேன். முதலில் வாசல் சுவரை உடைத்தேன். கட்டிகளை இழுத்துக்கொண்டு போய் வலப்பக்கம் அவர் வெட்டிய குழியிலேயே போட்டேன். பிறகு டிரைவ்வேக்கு இடப்பக்கம் பதினைந்தடி நீளத்துக்குத் தெரு ஓரத்தைச் சுரண்டித் தரை தெரியக் காலி செய்தேன். இத்தாலியக் கிழவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கார் வராத இடத்தை எதற்குச் சுத்தம் செய்கிறாய், கோலம் போடப்போகிறாயா என்றார். பொங்கலன்று கராஜுக்குள் நான் போட்ட கோலத்தைப் பார்த்திருந்தார். நாளைக்குக் காலையில் ஆறரைக்கு வந்து பாருங்கள் அங்கிள் என்றேன். முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. இதுவும் தப்பாகப் போனால் நூவர்க் போவது நடக்காது, இன்னும் எத்தனை காலம் டிபெண்டன்டோ தெரியாது.

வியாழக்கிழமை காலை மறுபடி நாலு விரற்கடை பனி. நான் பட்டுச்சேலை, கோட்டு, பனி பூட்ஸ். அவர் டை கட்டி, கோப்புகளைக் கையில் அணைத்துக்கொண்டு நின்றார். தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழன்றது. தடதட சத்தம் நெருங்க நெருங்க அவர் ஷவலை எடுக்கப் போனார். நான் பிடித்து நிறுத்தினேன்.

"இருங்க. பாக்கலாம்."

லாரி பக்கத்து வீட்டைத் தாண்டியது. தகட்டுக்கு முன்னால் பனி உருண்டு புரண்டு வந்தது. என் குழி வந்ததும் மொத்தமும் சடசடவென்று அதற்குள் சரிந்தது. எங்கள் வாசலைக் கடந்தபோது தகட்டில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் இரண்டு கைப்பிடி பனி விழுந்தது. பூட்ஸ் காலால் அதைத் தள்ளிவிட்டேன்.

என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தெருவே கேட்டது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். ஓட்டுநர் லாரியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்று நாளாகத் திட்டிய மனிதரைப் பார்த்துக் கும்பிடலாம் போல இருந்தது. எதிர்ப்பக்கம் இத்தாலியக் கிழவர் சாலையைத் தாண்டி வந்து, குழியின் நீளத்தைக் காலால் அளந்துகொண்டு போனார்.

கார் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. லாரி எங்களுக்கு முன்னால் பாதை திறந்துகொண்டே போக, அதன் பின்னால் நான் ஓட்டினேன். ஓக் ட்ரீ ரோடு வரைக்கும் அது எங்கள் லாரி.

எட்டே காலுக்கு நூவர்க் அலுவலகத்தில் இருந்தோம். பனியால் பாதி நாற்காலி காலி. எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று அதிகாரி அம்மாள் ஆச்சரியப்பட்டார். வாசலை நானே திறந்தேன் என்று சொன்னேன். உண்மையே பேசுவேன் என்று சத்தியம் செய்ய வேண்டும், வலது கையைத் தூக்குங்கள் என்றார். நான் தூக்கினேன். பக்கத்தில் இவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ரொம்ப நிதானமாக, நான் சொல்லிக் கொடுத்தபடியே மாற்றி, இடது கையைத் தூக்கினார்.

அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

"ஏனுங்க, இதுக்கு மட்டும் நம்மூரு வலதே போதுமுங்க."