குளத்து மண் கொட்டிய தோட்டம்

சேவூர் வேலாத்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் பதினெட்டு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பனியன் நேரே ரிஜெக்ட் பெட்டிக்குத்தான் போகும். ஐயோ பாவம் என்கிற பேச்சே அவளிடம் கிடையாது. நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொள்ள வாங்கிய அந்தச் சம்பளத்தில்தான் தோட்டத்தில் கிணறு வெட்டினாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தக் கிணறு ஒன்றுதான்.

அதன் மேலேயே புறவழிச்சாலைக்குக் கோடு போட்டார்கள், நாசமாய்ப் போகிறவர்கள்! ரோடு போடுமுன் பழங்காலத்துப் பொருள் ஏதும் புதைந்திருக்கிறதா என்று பார்க்கத் தொல்லியல்காரர்கள் வந்தார்கள். வந்த அன்றே அவள் தோட்டத்தில் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் கிடைத்தன. மண்ணுக்கடியிலும் இருந்தால் ரோட்டைப் பக்கத்துத் தோட்டத்துக்குத் தள்ளிவிடுவார்களாம். அது கொழுந்தன் லிங்கசாமியுடையது. வண்டித்தடத் தகராறில் ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சே இல்லை. வேலாத்தாளுக்கு வாயெல்லாம் பல்.

"வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டினீங்களாம்மா?" என்று கேட்டாள் ஆய்வாளர் அபிராமி.

"இல்லீங்க அம்மணி. எங்க மாமனார் காலத்துல இருந்தே இதே மண்ணுதானுங்க."

பச்சைப் பொய். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையில், ஊரே குளத்து வண்டலை அள்ளித் தோட்டங்களுக்கு உரமாகப் போட்டது. குளத்தில் கிடந்த ஓடுகளும் வண்டலோடு சேர்ந்து இவள் தோட்டத்துக்கு வந்தன. டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியவனே லிங்கசாமிதான். அண்ணன் உயிரோடிருந்த காலம் அது.

இப்போது அவன் வரப்பில் கைகட்டி நின்றான். வாயே திறக்கவில்லை. 'நிக்கறான் பாரு, கல்லு மாதிரி' என்று வேலாத்தாள் மனதுக்குள் கருவினாள்.

குழி வெட்டினார்கள். மேலே ஓரடிக்குக் கறுப்பு வண்டல், அதில் ஓடுகள். கீழே சுத்தமான செம்மண், ஓர் ஓடுகூட இல்லை. இரண்டும் சேருமிடம் தையல் போட்டதுபோல் நேராக ஓடியது. அபிராமி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலாத்தாளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை வேலாத்தாளுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அவளே பார்க்கிற பார்வை அது.

"இது கொட்டின மண்ணும்மா. இங்கே ஒண்ணுமில்லை."

அப்போதுதான் லிங்கசாமி அண்ணியைப் பார்த்து வாய் திறந்தான். "ஏனுங்க நங்கையா, மறந்துட்டீங்களா? நாந்தானுங்களே டிராக்டர்ல கொண்டாந்து கொட்டுனேன்?"

"நீ கொட்டுனது மண்ணாடா? என்ற குடியக் கெடுக்கற வெசம்! உன்ற காடு தரிசாப் போவட்டும்!"

மறுநாள் ரோட்டுக்காரர்கள் கிணற்றோரம் எல்லைக்கல் நட்டார்கள். வேலாத்தாள் அதை எட்டி உதைத்தாள். கல் அசையவில்லை, கால் பெருவிரல்தான் வீங்கியது. நொண்டிக்கொண்டே கம்பெனிக்குப் போனாள். அன்று அவள் மேஜைக்கு வந்த பனியன் ஒன்றுகூடப் பாஸாகவில்லை.

சூப்பர்வைசர் நதியா பதறி ஓடிவந்தாள். "ஏனுங்கக்கா, இதெல்லாம் நல்லாத்தானுங்களே இருக்குது?"

"என்ற கெணறும் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. பெட்டியில போடு."