தண்ணீர் தீர்ந்துபோன பக்கம்

கொல்லிமலைக்கு மாற்றலாகி, வேலையில் சேர பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கையில் ஒரு நாவல். பாலைவனத்தைக் கடக்கப் போனவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோன கட்டம். காளப்பநாயக்கன்பட்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பட்டுப்புடவை அம்மா, "மலை ஏறப் போவுது, மூடி வெய்யி கண்ணு. தலை சுத்தும்" என்றார்.

"தண்ணியில்லாம தவிக்கிறாங்கம்மா, இப்ப எப்படி மூடுறது?" என்று சிரித்துவிட்டுப் படித்துக்கொண்டே இருந்தேன்.

சில கொண்டை ஊசி வளைவுகள்தான் தாண்டியிருக்கும். ஜன்னலைத் திறக்கக்கூட நேரமில்லை. அவர் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். ஒரு நிச்சயதார்த்தத்துக்காகக் கட்டி வந்த புடவையாம். திட்டப் போகிறார் என்று கூனிக் குறுகினேன்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். புடவையைத் துடைக்கவாவது கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கலாம். என் முகத்தைக் கழுவிவிட்டு, வாய் கொப்பளிக்க வைத்து, மிச்சத்தையும் எனக்கே குடிக்கக் கொடுத்துவிட்டார்.

"பொடவைய அங்க போயி அலசிக்கலாம். நீ தோள்ல சாஞ்சுக்க சாமி."

புத்தகத்தை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டார். செம்மேட்டில் இறங்கும்போதுதான் திருப்பித் தந்தார்.

"அவங்களுக்குத் தண்ணி கெடச்சுதா கண்ணு?"

"இன்னும் அதுவரைக்கும் படிக்கலம்மா."

"கெடைக்கும். யாராச்சும் குடுப்பாங்க."

அந்த வாரமே படித்து முடித்தேன். மணல் மூடிய ஒரு கிணற்றைத் தோண்டி, அவர்களே தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். கொடுக்க அங்கே யாரும் இல்லை.

நான் கொடுத்து வைத்தவள்.