முகம் எழுத வந்தவள்

முகம் எழுதுகிற தொழிலில் முதலில் வெளிறிப் போவது எழுதுகிறவளின் முகம்தான். கல்யாண வீட்டில் வேலை பார்த்து வயிறு வளர்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு உப்புக் குறைந்து பெண் வீட்டாருக்கு உப்புக் கூடிப்போகிற சமையல்காரரே, அளவெடுத்த பிறகு இளைத்துவிடுகிற பெண்ணுக்கு ரவிக்கை தைத்த தையல்காரரே, நீங்களெல்லாம் என் கட்சி.

என் வீட்டுக்காரர் நாடகக் கம்பெனியோடு பினாங்குக்கு வந்தவர். கம்பெனி ஊர் திரும்பியது, அவர் திரும்பவில்லை; பிறகு என்னையும் இங்கே வரவழைத்துக்கொண்டார். கோயில் நாடகம், பள்ளிக்கூட நாடகம் என்று வேஷம் போட்டுவிட்டே காலம் தள்ளினார். கல்யாணப் பெண்ணின் முகத்தை ஓர் ஆண்பிள்ளை தொடக் கூடாது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. என்னைக் கூப்பிடுகிறவர்கள் ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு நாள் முன்னதாகவே போய், பெண்ணின் முழங்கைக்குள் பவுடரைத் தடவித் தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாணத்தன்று ஓமப்புகையில் கரையும் மையைத் துடைக்க வேண்டும். தாலி கட்டியதும் அழுவாள். மறுபடி எழுத வேண்டும். அத்தைமார் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எதையும் செய்யாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம்.

எவ்வளவு வெளுக்கும்?

சூலியா தெருவில் ஒரு துணிக்கடைக் கணக்கர் வீடு. அவருடைய மகள் நல்ல கறுப்பு, நல்ல களை. அம்மாவுக்குக் களை தெரியவில்லை, கறுப்புதான் தெரிந்தது. சீமைப் பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, அதன்மேல் இருந்த வெள்ளைக்காரியின் படத்தைக் காட்டி, "இப்படி வரணும்" என்றார். முகத்தை மட்டும் வெளுத்தால் கழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே என்றேன். கழுத்துக்கும் போடு என்றார். கை? கைக்கும் போடு. பெண் என்னைப் பார்த்து, விடுங்கள் அக்கா என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

நல்லவேளையாக அது ஒத்திகை நாள். நாடக வேஷத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளை கொண்டுபோயிருந்தேன்; அது முழுவதையும் குழைத்து, நெற்றியிலிருந்து விரல் நுனி வரை பூசி, முன்னறை நாற்காலியில் உட்கார வைத்தேன். அம்மாவுக்கு மனசெல்லாம் பூரிப்பு. அந்த நேரம் கடையிலிருந்து கணக்கர் வந்தார். செருப்பைக் கழற்றினார். நாற்காலியைப் பார்த்ததும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "வாங்கம்மா, உட்கார்ந்திருங்க. யாரைப் பார்க்க வந்தீங்க? வீட்டுல பெண்டுக உள்ள இருக்காங்க."

சூடா

இது நான் பினாங்குக்கு வந்த ஆறாவது மாதம். ஜாதிக்காய்த் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாலிக் புலாவுக்குக் கூப்பிட்டிருந்தார். வாடகைக் காரில் மலைப்பாதை வழியாகப் போனேன். எத்தனை வளைவு என்று எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் நான் இல்லை. போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தால் பவுடர், சிவப்பு, மை, பன்னீர் எல்லாம் ஒன்றாகக் கலந்து செங்கல் நிறத்தில் சேறு. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண்ணின் அம்மா எழுந்து போய், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளை அழைத்துவந்தார். அந்தப் பக்கத்து மலாய்ப் பெண்களுக்கெல்லாம் மணக்கோலம் செய்துவிடுகிறவர் அவர்தானாம். கூடவே ஒரு கிண்ணம் அரிசிமாவு உருண்டையும் கொண்டுவந்தார். அவர்கள் முகத்துக்குக் குளிர்ச்சியாகப் பூசிக்கொள்வது. தண்ணீரில் கரைத்து எனக்குப் பூசிக் காட்டிவிட்டுக் கிண்ணத்தை என் கையிலேயே கொடுத்தார். என் வேலையை என்னிடமே விட்டுவிட்ட அந்தப் பெரிய மனசை நான் மறக்கவில்லை.

ஆனால் பெட்டியைப் பாழாக்கிய குற்ற உணர்ச்சியில் நான் நிறுத்தாமல் பூசிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாள் "சூடா, சூடா" என்றார். ஐயோ, பெண்ணுக்குச் சூடாக இருக்கிறதாக்கும் என்று விசிறியை எடுத்து வீசினேன். மாவு காய்ந்தது. காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் பூசினேன். அவர் குரலை உயர்த்தி மறுபடி "சூடா!" என்றார். நான் இன்னும் வேகமாக வீசினேன். மாவு அடைகட்டி, பெண்ணின் கன்னத்தில் வெடிப்பு விட்டது. அப்போதுதான் அந்தப் பெண், சிரித்தால் முகம் உதிர்ந்துவிடுமே என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "அக்கா, அவங்க பாஷையில சூடான்னா போதும், முடிஞ்சிருச்சின்னு அர்த்தம். அவங்க ஆரம்பத்துலேர்ந்து உங்கள நிறுத்தத்தான் சொல்றாங்க."

கன்னமும் கண்ணும்

எங்கள் தெருவில் ஒரு சீனர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முகத்தில் வேலை இருக்கிறது என்றால் எனக்கு ஆள் அனுப்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற சிதம்பரம் என்பவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வயது முப்பதுக்குள். நெஞ்சு வியாதியில் நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். கன்னம் இரண்டும் குழி. "பக்கத்துல வராதீங்கக்கா, இருமல் இருக்கு" என்று அவரே எச்சரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஊரில் அம்மாவிடம் யாரோ, உன் மகன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மாள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாளாம். உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினால் யாரோ ஆறுதலுக்கு எழுதிப்போட்டது என்கிறாளாம். "படம் அனுப்பணும். இந்த மூஞ்சிய அனுப்பினா, அவங்க சொன்னது நிசம்தான்னு ஆயிரும்" என்றார்.

நாடகத்தில் கன்னம் சிவக்கச் சிவப்புப் பூசுவோம். போட்டோவில் சிவப்புக் கறுப்பாகத்தான் விழும். குழி இன்னும் ஆழமாகிவிடும். அதனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, குழி விழுந்த இடத்தில் மட்டும் வெளிர் பவுடரை ஏற்றினேன். பஞ்சை உருட்டிக் கொடுத்தேன். வாய்க்குள் இரண்டு பக்கமும் அவரே அடக்கிக்கொண்டார். ஸ்டுடியோக் கோட்டு தொளதொளவென்று தொங்கியது. முதுகுப் பக்கம் சுருக்கித் துணிக் கவ்வி மாட்டினோம். முன்னாலிருந்து பார்த்தால் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி உத்தியோகம் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். படம் எடுக்கிற அந்த நேரம் இருமல் வராமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டார். சீனர் காமிரா மூடியை மூடியதும் பஞ்சைத் துப்பிவிட்டு ரொம்ப நேரம் இருமினார். நாங்கள் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து, கப்பலேறுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கொஞ்சம் தேறியிருந்தார். அம்மா கடிதம் போட்டிருக்கிறாள், உடனே கிளம்பி வா என்று. படம் அவ்வளவு நன்றாக இருந்ததே, பிறகு ஏன் என்று கேட்டேன். சிரித்தார். "கன்னத்த நம்பிட்டாங்கக்கா. கண்ணத்தான் நம்பல."

யூதாசின் முகம்

எங்கள் மாதா கோயிலில் பெரிய வியாழனுக்கு முந்திய ஞாயிறு மாலை வெயில் தாழ்ந்ததும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும். யூதாசாக வருகிறவர் அருளப்பன். துறைமுக ஆபீசில் கிளார்க், ஈயை விரட்டக்கூட யோசிக்கிற மனுஷன். ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் அவருக்குச் செம்பட்டை டோப்பாவும் தொங்குகிற புருவமும் வைத்து, சனங்கள் பல்லைக் கடிக்கும்படி செய்துவிட்டார். நாடகம் முடிந்தது, யூதாஸ் முடியவில்லை. பாசாரில் மீன் விற்கிற பாக்கியம் அவரைக் கண்டால் கூடையை மூடினாள். பள்ளிக்கூடத்தில் அவருடைய மகளை மற்ற பிள்ளைகள் "யூதாஸ் மக" என்று கூப்பிட்டன. ஒரு வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, பெட்டியோடு நான் போனேன். அருளப்பன் மெதுவாக, "அக்கா, என்னைய யாரும் அடையாளம் தெரியாதபடி பண்ணிவிட முடியுமா?" என்றார். எனக்கு வேறு யோசனை தோன்றியது. பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்து சாப்பிட்டவன். பார்த்தவுடனே கெட்டவன் என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் சேர்த்திருப்பார்களா? டோப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். அவர் முகத்தை அவர் முகமாகவே விட்டு, கண்ணுக்குக் கீழே மட்டும் தூக்கமில்லாத இரண்டு கோடு போட்டேன். காசை வீசி எறிந்துவிட்டு அவர் அழுதபோது கூட்டத்தில் யாரும் பல்லைக் கடிக்கவில்லை. முடிந்ததும் பாக்கியம் திரைக்குப் பின்னால் வந்து, அருளப்பனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போன வருசம் கல்ல எடுத்து எறியலாம்னு இருந்துச்சு. இந்த வருசம் பாத்தா, எங்கூட்டு ஆளு சம்பளத்தத் தொலச்சிட்டு வந்து நிக்கிற மாதிரியே இருந்திய. திட்ட வாய் வரல. நாளைக்கு வாங்க, நல்ல மீனா எடுத்து வைக்கிறேன்."

மை போடாத கண்

கல்யாணப் பெண்ணோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கிற ஒரே ஆள் நான்தான். அதனால் சில சமயம் பவுடர் பெட்டியோடு வேறு பாரமும் வந்து சேரும். சரோஜினிக்குப் பத்தொன்பது வயது. அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். மாப்பிள்ளை தைப்பிங்கில் வியாபாரம். முகம் முடித்து, கண்ணுக்கு வந்தேன். மை எடுத்து நிமிர்ந்தால் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நிற்கிறது. துடைத்தேன், மறுபடி கட்டியது. மூன்றாம் தடவை, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். முந்தின நாள் தபாலில் அவள் பெயருக்கு வந்தது. தைப்பிங்கிலிருந்து ஒரு பெண், கோணல் மாணலான எழுத்தில். "நான் அவரோடு ஏழு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், இரண்டு பிள்ளைகள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை தங்கச்சி, உனக்குத் தெரியுமா என்று கேட்கத்தான் எழுதினேன்" என்று இருந்தது. "ஊரெல்லாம் வந்து உக்காந்திருக்கு. இப்பச் சொன்னா அப்பாவுக்கு நெஞ்சு அடச்சிரும்" என்றாள் சரோஜினி. வெளியே நாயனம் ஆரம்பித்துவிட்டது.

கூப்பிட்டது முகத்துக்கு, இது என் வேலையா? ஆனால் அந்தக் கண்ணில் மை போட என்னால் முடியவில்லை. கதவைத் திறந்து, அலங்காரத்தைப் பார்க்க அப்பாவை வரச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்தார்; திரும்பவும் முதலிலிருந்து படித்தார். நெஞ்சு அடைக்கவில்லை. பாயில் உட்கார்ந்து, தோள் துண்டால் மகளின் கன்னத்தைத் துடைத்தார். என் பவுடரெல்லாம் துண்டில் வந்துவிட்டது. பிறகு எழுந்துபோய் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து ஒரே கேள்வி கேட்டார். இல்லை என்று சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு எழவில்லை. நாயனம் பாதியில் நின்றது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, என் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டுச் சொன்னார்: "முகம் எழுத வந்தவ என் மக தலையெழுத்தையே மாத்திட்டாளே!"

அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை, வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர் சரோஜினியின் அம்மா. அவர் வெற்றிலைத் தட்டை நீட்டினார். சரோஜினிக்கு வேறு இடம் அமைந்திருக்கிறது, பள்ளிக்கூட வாத்தியார், அவளுக்கும் பிடித்திருக்கிறது என்றார். நான் என்றைக்கு ஒத்திகைக்கு வர வேண்டும் என்று கேட்டேன். "நாளைக்கே வா, ஞானம். பொண்ணு மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம்; மொதல்ல வந்து மாப்பிள மூஞ்சிய ஒரு தடவ பாத்துச் சொல்லு."

மொத்தத்தில், முகத்துக்கு மேலே எதைப் பூசினாலும் உள்ளே இருக்கிறவர் எட்டிப் பார்த்துவிடுகிறார் என்பதும், அவரைப் பார்த்த பிறகும் ஒன்றும் பார்க்காதவளைப்போல் பவுடர் தட்டிக்கொண்டிருக்கத்தான் என்னைக் கூலி கொடுத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதும், அந்த ஒரு வேலை மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை என்பதும்தான் இத்தனை வருஷத்தில் நான் கண்டது.