கறுப்பில் மஞ்சள் எழுத்து

பேய் என்றால் இருட்டும் ஆந்தையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை இங்கேயே மூடி வைத்துவிடலாம். இது நடந்தது பட்டப்பகலில். கதவுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். இதில் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துச் சொல்லத்தான் இதை அனுபவித்தவன் எவ்வளவோ முயன்றான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவனுக்கு இதில் ஒன்றுமே கிடையாது.

அவனை எல்லோரும் பென்குயின் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பை மேல் பெரிய பென்குயின் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸின் சின்னம் அது. சின்னச் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது அவன் தொழில். லினக்ஸ் போடுவது அவன் பைத்தியம். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட மூலையில் ஒரு பழைய லேப்டாப்பைப் பார்த்துவிட்டால் அவனுக்குக் கை பரபரக்கும்.

லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது தனிச் சரக்கு. அடியில் ஓடுவது ஒன்றுதான். மேலே கண்ணுக்குத் தெரிகிற முகத்தை மட்டும் நாமே பார்த்துப் பொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஐகான்கள் நிற்கும் பட்டை கீழே இருக்கட்டுமா, மேலே இருக்கட்டுமா, எழுத்து எந்த அளவு, என்ன நிறம்... எல்லாம் நம் இஷ்டம். முகமே பிடிக்கவில்லையென்றால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு முகம் மாட்டிவிடலாம். அந்த அலங்காரத்தில் அவன் மன்னன்.

அவனுக்கு ஒரே தங்கை. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வேலை தேடி ஏறாத படி இல்லை. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகரும் என்று லேப் மேனேஜரே சொல்லியிருந்தார். நான் போய்ப் புதுசாக்கித் தருகிறேன் என்று இவன் தானாகவே முன்வந்தான். தங்கை முதல் நாள் போய் உட்காரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

சனிக்கிழமை மத்தியானம் போனான்.

டைப்பிங் அறை லேபின் பின்பக்கம் இருந்தது. ஜன்னல் கிடையாது. இரண்டு டியூப் லைட், ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, பக்கத்தில் ரத்தக் குப்பிகள் வைக்கும் ஃபிரிட்ஜ். ஸ்பிரிட் வாடை. கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்ட மேனேஜரும், ரத்தம் எடுக்கும் நர்ஸம்மாவும் கூட வந்து நின்றார்கள்.

திரை வந்தது.

முழுக்கக் கறுப்பு. அதில் கட்டைவிரல் பருமனுக்கு மஞ்சள் எழுத்துகள். பட்டை இடது ஓரமாக நெட்டுக்குத்தலாக நின்றது. மவுஸ் அம்பு வாழைப்பழம் அளவுக்கு இருந்தது.

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "என்ன சார் இது, தெருக்கோடியில நின்னே படிக்கலாம் போலிருக்கே" என்றான். அவன் சிரிப்புக்குக் கூடச் சிரிக்க அங்கே ஆளில்லை.

நர்ஸம்மாதான் மெதுவாகச் சொன்னார். முன்னால் இங்கே டைப் செய்த அக்காவுக்குக் கண் போய்விட்டதாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதாம். முடிந்தவரை சமாளித்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாராம்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "அப்படியா, எனக்குத் தெரியாது" என்று எதையோ முணுமுணுத்துவிட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்ப்பதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். அவர்கள் வெளியே போகும்வரை நிமிரவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பைக்குள் போட்டான். புது டிஸ்க் மாட்டினான். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் போட்டான். பழையதிலிருந்து ஒரு ஃபைலைக்கூட எடுக்கவில்லை. இதைப் பின்னால் அவன் நூறு தடவை யோசித்துப் பார்த்திருக்கிறான். ஒரு ஃபைலைக்கூட எடுக்கவில்லை.

லாகினுக்குத் தங்கையின் பெயரைக் கொடுத்தான். வெளிர்நீல நிறம் வைத்தான். பட்டையைக் கீழே வைத்தான். வால்பேப்பராகத் தங்கை வீட்டுப் பூனை, அவள் மடியில் சுருண்டு படுத்திருக்கும் படம். எல்லாம் முடித்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தான்.

பட்டை இடது ஓரத்தில் நின்றது.

கை தவறி எங்கேயோ அமுக்கியிருப்போம் என்று கீழே இழுத்து வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தான். திரும்பிப் பார்த்தால் மறுபடி இடது ஓரம்.

வெளியே யாரோ நெட்வொர்க் வழியாக விளையாடுகிறார்கள். அப்படித்தான் தோன்றியது. கேபிளைப் பிடுங்கினான். பட்டையைக் கீழே வைத்துவிட்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பட்டை நகரவில்லை.

மவுஸ் அம்புதான் வளர்ந்தது. அவன் பார்க்கப் பார்க்க... மெதுவாக... காற்று அடைக்கிற பலூன் மாதிரி.

அவன் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. நம்மிடமேவா என்று, அந்த டெஸ்க்டாப்பை அடியோடு கழற்றி எறிந்தான். பென்டிரைவில் வேறொன்று வைத்திருந்தான். வேறு ஆட்கள் எழுதியது, வேறு மாதிரி வேலை செய்வது. ஒன்றில் செய்த நிற, எழுத்து அமைப்பு இன்னொன்றுக்குத் தெரியவே தெரியாது. அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தான்.

லாகின் திரையே கறுப்பாக வந்தது.

கறுப்பில் மஞ்சளாகத் தங்கையின் பெயர்.

அவன் இன்னும் பாஸ்வேர்டே கொடுக்கவில்லை. உள்ளே போகாமல் எந்த அமைப்பும் வராது. வரக் கூடாது. அவன் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடும் குரல் மட்டும் கேட்டது. முப்பத்தொண்ணு... முப்பத்தொண்ணு வந்திருக்கீங்களா...

அவன் எதையும் தொடவில்லை. திரை தானாக உள்ளே போனது.

டைப் செய்கிற பக்கம் ஒன்று திறந்தது. வெறும் கறுப்பு. ஒரு ஓரத்தில் மஞ்சள் கோடு, துடித்துத் துடித்து நின்றது.

பிறகு எழுத்து வந்தது. ஒரு எழுத்துத்தான். திரை முழுக்க அந்த ஒரே எழுத்து. அது இடது பக்கம் நகர்ந்து போக, அடுத்தது வந்தது.

லை...

ட்...

டை...

ப்...

போ...

டு...

ங்...

க...

கீபோர்டில் ஒரு கட்டைகூட அசையவில்லை.

அவன் அண்ணாந்து பார்த்தான். டியூப் லைட் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. "போட்டுத்தான் இருக்கு" என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னான்.

திரையில் கோடு துடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.

பிறகு...

சி...

ரி...

ச்...

ச...

து...

யா...

ரு...

அவனுக்கு எழுந்து ஓட வேண்டும் என்றிருந்தது. வெளியே போய் என்ன சொல்வது? பேயைப் பார்த்தேன் என்றா? மேனேஜரிடமா? அந்த நர்ஸம்மாவிடமா?

கோடு துடித்தபடி காத்திருந்தது. பதில் கேட்டுக் காத்திருந்தது.

அவன் டைப் செய்தான்.

நான் இல்லை.

அந்த எழுத்துகளும் பெரிதாகி, ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. யாரோ பக்கத்தில் வந்து, விரலை வைத்து, நிதானமாகப் படிப்பது போல.

அப்புறம் கறுப்பு.

அப்புறம் மறுபடி மஞ்சள். ஒரு எழுத்து... இன்னொரு எழுத்து...

தங்கையின் பெயர்.

கடைசியில் ஒரு கேள்விக்குறி.

அவன் அதற்குப் பதில் எழுதவில்லை. "அவ இல்ல" என்று எழுதியிருக்கலாம். "நான்தான்" என்று எழுதியிருக்கலாம். இரண்டில் ஒன்று எழுத எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

அவன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.

மறுபடி செருகிப் போட்டபோது கழற்றி எறிந்த முகமே திரும்ப வந்து, எல்லாம் சரியாக இருந்தது. வெளிர்நீலம். பூனை. பட்டை கீழே. ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது சார், ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். பையில் கிடந்த பழைய டிஸ்கை இனி தொடுவதில்லை என்று முதல் குப்பைத்தொட்டியிலேயே போட்டான்.

திங்கட்கிழமை தங்கை வேலைக்குப் போனாள். அவன் தடுக்கவில்லை.

தடுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் சிரித்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எழுதியதையும் சொல்ல வேண்டும். எல்லாம் பிரமை, தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் தங்கை சாயங்காலம் போன் செய்து, ரொம்ப அழகா வச்சிருக்கண்ணா, லேபே மெச்சுது என்று சொன்னபோது, சரி சரி என்று போனை வைத்துவிட்டான்.

அந்த வாரம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் நர்ஸம்மாவிடம் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, கண் போன அந்த டைப்பிஸ்ட் அக்கா வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

மூன்றாவது மாடி. அக்காவே கதவைத் திறந்தார். ஐம்பது வயது இருக்கும். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவருக்குக் கண் தெரியாது என்றாலும் குனிந்துதான் சொன்னான். உங்கள் கம்ப்யூட்டரை நான்தான் அழித்துப் புதிதாகப் போட்டேன், நீங்கள் கஷ்டப்பட்டு அமைத்து வைத்திருந்ததைப் பார்த்து விவரம் தெரியாமல் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றான். மற்றதைச் சொல்லவில்லை.

அக்கா புருவத்தைச் சுருக்கினார்.

"அதை நான் அமைக்கலையே தம்பி."

அவன் நிமிர்ந்தான்.

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே அது அப்படித்தான் இருந்துச்சு. பட்டை ஓரத்துல, மஞ்ச எழுத்து... எனக்கும் பிடிக்கல. எத்தனையோ தடவை மாத்திப் பார்த்தேன். மறுநாள் வந்தா பழையபடி இருக்கும். சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். பழகிடுச்சு."

அவர் கையால் மேஜையைத் தடவினார்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் படியில் இறங்கினானா, உருண்டானா என்று அவனுக்கே தெரியாது. நேராகத் தங்கை வீட்டுக்குப் போனான். குழந்தையை வெளியே விளையாட அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். சிரித்தது, கேட்டது, எழுதியது, பிளக்கைப் பிடுங்கியது... ஒன்றையும் விடவில்லை.

அவன் முடித்த பிறகு, இரண்டு நாளாக லேப் கம்ப்யூட்டரில் எழுத்து பெரிதாகத் தெரிகிறது, நீதான் அப்படி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன் என்றாள். அப்புறம் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் முதுகைத் தடவியபடி கேட்டாள்.

"உன் பேரைச் சொல்லியிருக்கலாமே அண்ணா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

அவள் மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். வேறு வேலை கிடைக்க ரொம்ப நாளானது. கண்ணை டாக்டரிடம் காட்டினார்கள். ஒன்றும் இல்லை என்றார். இதுவரை ஒன்றும் இல்லை. அண்ணனோடு பேசுகிறாள், ஆனால் முன்போல் இல்லை. வீட்டுக்குப் போனால், வா என்பதோடு சரி.

லேபில் மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அவன் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து மேனேஜர் போன் செய்தார். தங்கைக்குப் பதில் ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்களாம். சின்ன வயசாம். கெட்டிக்காரியாம். இப்போதெல்லாம் அவளுக்கு எழுத்துதான் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறதாம்.

"வந்து கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுத்துட்டுப் போறீங்களா?"

வெளியூரில் இருக்கிறேன் சார் என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான். லேபுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான் அப்போது.